முதுநகர் - புதுச்சேரி மீன் லோடு: 798 சிசி பிக்கப் போதுமா, 1496 சிசி வேணுமா?

நங்கூரம்:
வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்துல இருந்து புதுச்சேரி கடைகளுக்குத் தினமும் மீன் போகுது. இப்போ வாடகை வண்டி. சொந்தமா ஒரு டீசல் பிக்கப் எடுக்கணும்.

ஒரு நடைக்கு 450 கிலோ மீன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழி, போக வர 50 கி.மீ. வாரத்துல ஒரு நாள் ஈசிஆர்ல சென்னை. பின்னாடி பஃப் பாக்ஸ் (ஐஸ் உருகாம குளிரைக் காக்கிற பெட்டி) கட்டணும்.

பார்த்து வச்சிருக்கிறது ரெண்டு: டாடா இன்ட்ரா வி10 (798 சிசி, 2 சிலிண்டர்), வி30 (1496 சிசி, 4 சிலிண்டர்). 450 கிலோவுக்கு வி10 தாராளம்னு சொல்றாங்க. சின்ன இன்ஜின் தினமும் லோடு இழுத்தா சீக்கிரம் தேயுமா? மைலேஜ் வித்தியாசம் எவ்வளவு பணத்துல நிக்கும்?

கெடிலக்கரை:
இன்ஜினுக்கு முன்னாடி எடையைச் சரி பண்ணுங்க. 450 கிலோங்கிறது மீன் மட்டும்தான், வண்டி சுமக்கப்போறது அது இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு மீனும் ஐஸும் சரிக்குச் சரி போடணும், அப்போ ஐஸ் 450. டப்பா 30ன்னா, ஒண்ணு 2 கிலோ வச்சு 60. ஆக 960.

இதுக்கு மேல பஃப் பாக்ஸ். கம்பெனி தொட்டியைக் கழற்றின எடை போக 200 கிலோவாவது கூடும்னு வச்சுக்கோங்க. கட்டுறவர்கிட்ட முடிஞ்ச எடையை எழுத்துல வாங்கணும். தகடும் அடிப்பலகையும் கனமாப் போனா அது 300ஐத் தொடும். கூட வர்ற ஆள் 65. மொத்தம் 1225 கிலோ.

வி10 சுமக்கிறது 1000 கிலோ, வண்டியும் சுமையும் சேர்த்து மொத்த எடை 2120. வி30 சுமக்கிறது 1300, மொத்த எடை 2565. மாடல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறலாம், ஆர்சி புத்தகத்துல இருக்கிற எண்தான் கணக்கு. உங்க லோடுக்கு வி10 தினமும் 200 கிலோவுக்கு மேல ஓவர்லோடு. இன்ஜின் இழுத்துடும், அது வேற விஷயம். பின் பட்டை (ஸ்பிரிங்), டயர், பிரேக் மூணும் 2120க்குத்தான் அளவு எடுத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவுல ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000, அதோட இறக்கிற செலவும் உங்களுது. இறக்கி ரோட்டோரம் வச்ச மீன் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

வாடகை வண்டியை லோடோட ஒரு தடவை, இறக்கிட்டு ஒரு தடவை எடை மேடையில ஏத்துங்க. இந்த வித்தியாசம் தெரியாம வண்டி புக் பண்ணாதீங்க.

ஐந்தாவது கியர்:
எடையை விட்டுட்டு இழுவையை மட்டும் பார்ப்போம். வி10 44 குதிரைத்திறன், இழுவை (டார்க்) 110 நியூட்டன் மீட்டர். வி30 70, 140.

சமதளத்துல வண்டியைத் தடுக்கிறது ரெண்டு: டயர் உருளும் தடையும் காத்தும். 2100 கிலோ வண்டி, திறந்த தொட்டி, 60 கி.மீ. வேகம்னா இன்ஜின்ல ஏறக்குறைய 14 குதிரை போதும். 80ல 27. இதுவரைக்கும் வி10 சிரமப்படாது.

கேபினுக்கு மேல தலை நீட்டுற சதுரப் பெட்டி ஏறினதும் கணக்கு மாறும். அதே எடை, அதே ரோடு: 60ல 21 குதிரை, 80ல 42. காத்துக்காகச் செலவாகுற திறன் வேகத்தோட முப்படியில ஏறும், அதான் காரணம். 44 குதிரை உச்ச சுத்துல மட்டும் கிடைக்கிறது, அதுல 42ஐ மணிக்கணக்கா கேட்கிறீங்க. ஈசிஆர்ல 20 கி.மீ. எதிர்காத்து வந்தா அதே 80க்கு 60 குதிரை வேணும். வி10 65க்குக் கீழ இறங்கி நாலாவது கியர் கேட்கும்.

இதெல்லாம் கையால போட்ட தோராயக் கணக்கு, ஆனா திசை மாறாது. புதுச்சேரி நடைக்கு வேகமே 40, 50தான், அங்க எந்த இன்ஜினும் ஓடும். பெரிய இன்ஜினைக் கேட்கிறது சென்னை நடையும் பெட்டியோட உயரமும்தான். பெட்டிக் கூரையை கேபின் மட்டத்துக்கே நிறுத்தினா இந்தக் கணக்குல காத்துச் சுமை ஏறக்குறைய பாதி போயிடும். அதைக் கட்டுறவர்கிட்ட முதல்லயே சொல்லணும்.

ஒண்ணு கவனிங்க. சரக்கு வண்டிகள்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80ல நிறுத்திடும். 70 குதிரை இருக்குன்னு 100ல போக முடியாது. பெரிய இன்ஜின் தர்றது அந்த 80ஐ அலுங்காம பிடிச்சிருக்கிறதை.

கிரீஸ் டப்பா:
சின்ன இன்ஜின் சீக்கிரம் தேயுமான்னு கேட்டீங்களே தம்பி. லோடு தேய்க்கிறதை விட ஓட்டுற விதம் அதிகம் தேய்க்கும்.

நாலாவது கியர்ல இன்ஜின் நிமிஷத்துக்கு 1200 சுத்துக்கு விழுந்த பிறகும் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறதுதான் கெடுதல். சுத்து குறைவு, ஆயில் அழுத்தம் குறைவு, ஆனா பிஸ்டன் மேல வெடிப்பு முழு பலம். அடி நேரா பேரிங்ல விழும். ரெண்டு சிலிண்டர்ல கிராங்க் ஒரு சுத்துக்கு ஒரு வெடிப்பு, நாலு சிலிண்டர்ல ரெண்டு. அதனால சின்ன இன்ஜின்ல அந்த அதிர்வு முரட்டுத்தனமா வரும், மவுண்டிங் ரப்பரும் கிளட்ச் தட்டு ஸ்பிரிங்கும் அதை வாங்கும். வி10க்கு இழுவை நல்லா இருக்கிற இடம் 1750 முதல் 2500 சுத்து. முள்ளு அதுக்குக் கீழ வந்தா கியரைக் குறைக்கணும், யோசிக்கவே கூடாது.

அடுத்து கிளட்ச். மரப்பாலம் சிக்னல்ல ஹாஃப் கிளட்ச்ல நிறுத்தி வைக்கிறது, லோடோட ரெண்டாவதுல கிளப்புறது, இந்த ரெண்டும்தான் தட்டைத் தின்னும். தட்டு போயிருக்கான்னு பார்க்க, சமதளத்துல ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலாவது போட்டு மெதுவா கிளட்சை விடுங்க. இன்ஜின் உடனே அணைஞ்சா நல்லது. அணையாம சுத்திக்கிட்டே இருந்தா வழுக்குது. பழைய வண்டி பார்க்கப் போனாலும் இது முதல் சோதனை.

டெஸ்ட் டிரைவ் காலி வண்டியில எடுக்காதீங்க. 50 கிலோ மூட்டை 18 போடச் சொல்லுங்க. கேப்பர் மலை ஏத்தத்துல பாதியில நிறுத்தி, முதல் கியர்ல கிளப்பிப் பாருங்க. அப்புறம் நேர் ரோட்டுல அஞ்சாவதுல 50ல இருந்து 70 வர எத்தனை செகண்ட்னு எண்ணுங்க. ரெண்டு வண்டியிலயும் அதே ரோடு, அதே மூட்டை.

நங்கூரம்:
ரொம்ப நன்றிண்ணே. மைலேஜ் மட்டும் யாராவது சொல்லுங்க. வீட்ல அதைத்தான் கேட்கிறாங்க.

கெடிலக்கரை:
கம்பெனி எண்ணை எடுக்காதீங்க. அதே லோடு ஓட்டுறவங்ககிட்ட டேங்க் நிரப்பி, அடுத்த தடவை நிரப்புற வரைக்குமான கி.மீ. கேளுங்க, மூணு தடவைச் சராசரி. கணக்கு புரியறதுக்காக சின்னது 17, பெரியது 14ன்னு வச்சுக்குவோம். நாளைக்கு 50 கி.மீ., வருஷம் 300 நாள், 15,000 கி.மீ. சின்னதுக்கு 882 லிட்டர், பெரியதுக்கு 1071. வித்தியாசம் 189 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னா வருஷத்துக்கு 17,577. டேங்கை புதுச்சேரி பக்கமே நிரப்பினா இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போ மறுபக்கம். சின்ன வண்டியில சட்டப்படி ஏத்தினா மீதி சரக்குக்கு ரெண்டாவது நடை போகணும். ஒரு நடைக்கு டீசலே 274 ரூபாய். வருஷத்துல 64 நாள் ரெண்டாவது நடை போனா அந்த 17,577 காலி. உங்களுக்குத் தினமும் 200 கிலோ மிச்சம் நிக்குது. ஆள் கூலியை நான் இதுல சேர்க்கவே இல்லை.

கோரிமேடு:
எதுக்கு இவ்வளவு யோசனை? 2523 சிசி பொலேரோ பிக்கப் எடுத்தா ஆயுசுக்கும் போதும்.

கெடிலக்கரை:
வண்டி நல்ல வண்டிதான் சார், இவருக்குப் பொருந்தாது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல போகாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லைன்னு சட்டத்துலயே 66வது பிரிவுல இருக்கு. 1.7 டன் பொலேரோ அந்தக் கோட்டைத் தாண்டும். இவர் தினமும் கன்னியக்கோயில்ல மாநில எல்லை தாண்டுறவர், பர்மிட் வேலை கூடும். வி10, வி30 ரெண்டும் கோட்டுக்கு உள்ளே.

நங்கூரம்:
எடை போட்டாச்சு. லோடோட எடையில காலி எடை கழிச்சா 1010 கிலோ. நனைஞ்ச டப்பாவும் உருகின தண்ணியும் சேர்த்து. பாக்ஸ் 200, ஆள் 65 சேர்த்தா 1275. வி30க்கு 25 கிலோதான் மிச்சம். இப்போ என்ன பண்றது?

ஐந்தாவது கியர்:
25 கிலோங்கிறது மிச்சமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். முடிஞ்சு படகு இறங்கின வாரத்துல வர்ற சரக்கை நினைச்சுப் பாருங்க. 450 கிலோவோட நிக்குமா?

வி50ஐப் பாருங்க. அதுவும் 1496 சிசிதான், ஆனா 80 குதிரை, 220 நியூட்டன் மீட்டர், சுமை 1500 கிலோ, மொத்த எடை 2940. பர்மிட் கோட்டுக்குள்ளயே நிக்குது. வி30யும் இதுவும் ஒரே சிசி, இழுவை 140க்கும் 220க்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. சிசியை வச்சுத் தேர்ந்தெடுத்தா இது கண்ணுல படாது. 225 கிலோ மிச்சம் கிடைக்கும், அதுல 100 கிலோ மீனும் 100 கிலோ ஐஸும் கூடுதலா ஏத்தலாம்.

விலை எட்டலைன்னா வி30லயே நிக்கலாம், ஆனா பாக்ஸை 150 கிலோவுக்குள்ள முடிக்கணும், தடைக்காலம் முடிஞ்ச முதல் மாசம் வாடகை வண்டியைத் துணைக்கு வச்சுக்கணும். வி10 கணக்குல இல்லை.

கிரீஸ் டப்பா:
எதை எடுத்தாலும் பாக்ஸ் கட்டும்போது ரெண்டு விஷயம். ஐஸ் தண்ணி வடியற குழாயை சேஸிஸ் கட்டைக்கு வெளியே, பின் டயருக்குப் பின்னாடி இறக்கணும். உப்புத் தண்ணி பட்டை மேலயும் பிரேக் பைப் மேலயும் சொட்டினா முதல்ல அரிக்கிறது அந்த பைப்தான். தினமும் இறக்கினதும் நல்ல தண்ணியில அடிப்பாகம் கழுவணும். கனமான டப்பாவை கேபின் பக்கம் அடுக்குங்க. கதவுப் பக்கம் குவிச்சா முன் டயர்ல பாரம் குறையும், ஸ்டீயரிங் லேசாகும், மழையில தவளக்குப்பம் வளைவுல பிரேக் போட்டா முன்பக்கம் வழுக்கும்.

நங்கூரம்:
வி50க்கு 18 மூட்டையோட டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கேன். பாக்ஸ் கட்டுறவர் கேபின் மட்டத்துக்கு ஒத்துக்கிட்டார், எடை 190 கிலோன்னு எழுதிக் கொடுத்திருக்கார்.