விஸ்கான்சின் பெண்கள் ஐஸ் ஹாக்கி: 2024-25 பருவத்தை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி – மேடிசன் ரசிகர்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பேட்ஜர்ஸ் பெண்கள் அணி, 2024-25 பருவத்தை 38 வெற்றி, 1 தோல்வி, 2 சமன் என்ற கணக்கில் முடித்து, தனது எட்டாவது தேசியக் கோப்பையையும் கைப்பற்றியது. ஆனால் இந்தப் பருவத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும், அது 2025 மார்ச் 23 அன்று மினியாபொலிஸின் ரிடர் அரங்கில் நடந்த இறுதிப் போட்டியின் கடைசி 18.9 வினாடிகளில் போய் நின்றுவிடுகிறது. ஓஹையோ ஸ்டேட் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது நமக்கு ஒரு பெனால்டி ஷாட் (கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு தனியாக அடிக்கும் வாய்ப்பு) கிடைத்தது. கிர்ஸ்டன் சிம்ஸ் அதைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தின் 2 நிமிடம் 49ஆவது வினாடியில் வெற்றி கோலையும் அவரே அடித்தார். இதை வைத்து, "அதிர்ஷ்டத்தில் கிடைத்த கோப்பை" என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை வாரந்தோறும் இந்த அணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். மேகன் டகன், ஹிலாரி நைட் போன்றோர் ஆடிய 2010-11 அணி 37-2-2 என்று முடித்தது. அந்த அணிக்கு மேலாக இந்த அணியை வைக்கலாமா? பிற அணிகளின் ரசிகர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – விதிநூல் வாசகர்

அந்த பெனால்டி ஷாட் எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கோல் வலைக்கு முன்னால் நீல நிறம் தீட்டிய பகுதிக்குள் வட்டு (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடப்படுவது) கிடக்கும்போது, அதன்மேல் கைவைத்து மூடும் உரிமை கோல்கீப்பருக்கு மட்டுமே உண்டு. தற்காக்கும் அணியின் வேறு வீராங்கனை அதைச் செய்தால் எதிரணிக்கு பெனால்டி ஷாட் வழங்க வேண்டும் என்பது பழைய விதி. அன்றைக்கென்று கண்டுபிடித்த சலுகை அன்று. வலைக்கு முன்னே இத்தனை மட்டைகளும் கால்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில் ஓஹையோ வீராங்கனையின் கை வட்டின்மேல் படிந்ததை, விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் தரப்பு கவனித்து மறுபரிசீலனை கோரியது. நடுவர்கள் காணொளியைப் பார்த்த பிறகே முடிவு வந்தது.

ஜான்சனைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்தை வீழ்த்திய அமெரிக்க அணியில் அவர் ஆடினார். அந்த ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அவற்றுள் முதலாவது, முதல் பகுதி முடிய ஒரே ஒரு வினாடி இருந்தபோது, மற்றவர்கள் ஆட்டம் நின்றுவிட்டதாகவே எண்ணிய நேரத்தில் அடித்தது. கடிகாரம் ஓடும்வரை கண்ணை எடுக்காத மனிதர் அவர். 18.9 வினாடிகள் இருக்கும்போது அவர் பக்கம் விழிப்பாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

சிம்ஸின் விஷயத்திலும் அப்படித்தான். வட்டு மைதானத்தின் நடுவே வைக்கப்படும். எதிரே கோல்கீப்பர் ஒருவர் மட்டும். வட்டு முன்னோக்கியே நகர வேண்டும். கோல்கீப்பர்மேல் தட்டித் திரும்பினால் இரண்டாவது முயற்சி கிடையாது. தவறினால் பருவமே முடிந்தது என்ற நிலையில் அதைச் செய்து முடிப்பதை அதிர்ஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 2023 இறுதியில் விஸ்கான்சின் 1-0 என்று வென்றபோது அந்த ஒரே கோலை அடித்தவரும், அப்போது முதலாண்டு மாணவியாக இருந்த இதே சிம்ஸ்தான்.

மறுமொழி 2 – கொலம்பஸிலிருந்து

நான் ஓஹையோ ஸ்டேட் ரசிகன். விதி சரி, முடிவும் சரி. அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனாலும் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து நழுவிய வலி எளிதில் ஆறுவதாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதியில் மோதியவை இதே இரண்டு அணிகள். 2023இல் டுலுத்தில் அவர்கள் 1-0. 2024இல் நியூ ஹாம்ப்ஷயரின் டர்ஹமில், கேய்லா பார்ன்ஸின் கோலால் நாங்கள் 1-0. 2025இல் 4-3, அதுவும் கூடுதல் நேரத்தில். மூன்று இறுதிகளுக்கும் சேர்த்து இரு அணிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே ஒரு கோல். இதில் எந்த ஓர் ஆண்டைத் தனியாக எடுத்து "இவர்கள் சிறந்தவர்கள்" என்று சொன்னாலும் மற்ற அணிக்கு நியாயம் செய்ததாகாது. 2016இல் நடீன் மசரால் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது எங்கள் அணி ஒரு தேசியக் கோப்பையைக்கூட வென்றதில்லை. 2022இலும் 2024இலும் வென்றுவிட்டோம். இவ்வளவு பலமான எதிரி இருந்ததால்தான் விஸ்கான்சினின் பருவத்துக்கு இந்த மதிப்பு என்று நான் நம்புகிறேன். 2025 ஜனவரியில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் திறந்த வானத்தின்கீழ் பனித்தளம் அமைத்தபோது, பெண்கள் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டவையும் இவ்விரண்டு அணிகளே.

மறுமொழி 3 – மினசோட்டா ரசிகை

வரலாற்றிலேயே சிறந்த பருவம் எது என்று கேட்டால், 2012-13 மினசோட்டா அணியின் 41-0 என்ற கணக்குக்குப் பிறகுதான் மற்றவை. ஒரு தோல்வியும் இல்லை, ஒரு சமனும் இல்லை. அமாண்டா கெசல் அந்த ஆண்டில் (கோல்களும் கோலுக்குத் தந்த உதவிகளும் சேர்த்து) 101 புள்ளிகள் குவித்தார். கோல் வலையில் பின்லாந்தின் நோரா ராட்டி நின்றார்.

ஆனால் நண்பர் எழுப்பிய "அதிர்ஷ்டம்" என்ற பேச்சுக்கு எங்கள் பருவமே விடையாகும். காலிறுதியில் நார்த் டகோட்டாவை மூன்றாவது கூடுதல் நேரத்தில்தான் வென்றோம். அரையிறுதியில் பாஸ்டன் காலேஜை வெல்லவும் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. இரண்டில் எதிலாவது வட்டு கொஞ்சம் திசைமாறியிருந்தால் 41-0 என்ற எண்ணை இன்று யாரும் உச்சரிக்கமாட்டார்கள். ஒரே தோல்வியோடு வெளியேற்றும் போட்டியமைப்பில் எந்தப் பெரிய அணியும் அப்படியொரு இடுக்கு வழியைக் கடந்தே ஆக வேண்டும். 2025 அரையிறுதியில் எங்கள் சொந்த அரங்கிலேயே எங்களை விஸ்கான்சின் வெளியேற்றியதை நேரில் பார்த்தேன். அந்த வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இருக்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி 4 – மேடிசன் ரசிகர் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. கொலம்பஸ் நண்பர் சொன்ன ஒரு கோல் கணக்கை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

எனினும் இறுதிப் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பருவம் முழுவதையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கு வழங்கும் பாட்டி காஸ்மையர் விருதின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரும் அந்த ஆண்டு எங்கள் அணியினர்: கேசி ஓ'பிரையன், லைலா எட்வர்ட்ஸ், கேரலைன் ஹார்வி. ஒரே கல்லூரிக்கு இது அதற்கு முன் நடந்ததில்லை. எட்வர்ட்ஸ் 35 கோல்களுடன் நாட்டிலேயே முதலிடம். நெடிய உடல்வாகும், நெருக்கத்தில் வட்டைக் கைவிடாத நிதானமும் உள்ள அவரை வலைக்கு முன்னிருந்து நகர்த்த இரண்டு பேர் தேவைப்படும்; அப்போது மற்றொருவருக்கு இடம் திறந்துவிடும். அந்த இடத்தைப் பிறருக்கு முன்பே கண்டு வட்டை அங்கே அனுப்புகிறவர் ஓ'பிரையன். அவருடைய 88 புள்ளிகளில் 62, பிறர் அடித்த கோல்களுக்கு அவர் தந்த உதவிகள்.

ஓ'பிரையனைப் பற்றி எழுதாமல் இந்தப் பருவத்தைப் பற்றி எழுத முடியாது. 13 வயதில் எலும்புப் புற்றுநோய் கண்டவர்; நோய் மீண்டும் மீண்டும் வந்து, மூன்று முறை அதை வென்று களத்துக்குத் திரும்பியவர். அப்படிப்பட்டவர் ஹிலாரி நைட்டின் 262 புள்ளிகளைக் கடந்து விஸ்கான்சினின் வரலாற்றில் முதலிடம் பிடித்தார், விருதையும் பெற்றார்.

மறுமொழி 5 – விதிநூல் வாசகர்

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறேன். 2010-11 அணியைவிட இதை ஒரு படி மேலே வைப்பேன். காரணம் தோல்விகளின் எண்ணிக்கை அன்று, எதிரணிகளின் தரம். 2011 இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று வசதியாக வென்றார்கள். 2025 அணியோ மினசோட்டாவை அதன் சொந்த அரங்கில் வென்று, அதே அரங்கில் நடப்புச் சாம்பியனான ஓஹையோ ஸ்டேட்டையும் வெல்ல வேண்டியிருந்தது. மினசோட்டாவின் 41-0ஐ மட்டும் தொடமாட்டேன். அந்த வரிசையில் சகோதரி சொன்னதே என் கருத்தும்.