உடுதுணிச் சிற்பம்: ஒரு சொல் பரிந்துரை

வணக்கம்.

பழைய துணியில் உடம்பு உருவங்கள் தைக்கும் கலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த உரையாடலில் இதுவரை வந்த சொற்கள் மென்சிற்பம், கழிவுத்துணிச் சிற்பம் இரண்டும்தான். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மென்சிற்பம் கேட்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் போலந்துச் சிற்பி மக்தலேனா அபாகனோவிச் 1976 முதல் 1980 வரை செய்த 80 முதுகுகளை நினைத்துப் பாருங்கள். தலையில்லாமல் குனிந்து உட்கார்ந்திருக்கும் வெறும் முதுகுகள், சாக்குத்துணியைப் பிசினோடு சேர்த்து வார்த்தவை, மரப்பட்டை போல விறைத்திருக்கும். அதில் எங்கே மென்மை?

கழிவு என்பது இன்னும் மோசம். பிரான்ஸில் பிறந்த அமெரிக்கச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெற்றோர் பழைய சித்திரக் கம்பளங்களைப் பழுதுபார்த்தவர்கள். அவரோ எண்பது வயதைத் தாண்டியபின், காலமெல்லாம் தூக்கிப்போடாமல் வைத்திருந்த சொந்த உடைகளை எடுத்து, 1996இல் அவற்றை மாட்டெலும்புகளில் ஹேங்கரில் போல மாட்டித் தொங்கவிட்டார். அப்படிப் பொத்தி வைத்ததைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கலைஞர் செங்கா நெங்குடி 1970களின் நடுவில், பிள்ளைப்பேற்றில் உடம்பு விரிந்து தளர்வதை மனதில் வைத்து, போட்டுப் பழகிய நைலான் காலுறைகளில் மணலை நிரப்பிச் சுவரோடு இழுத்துக் கட்டினார். மணலின் கனத்தில் அவை தொங்குவது அசல் சதை தொங்குவது மாதிரியே இருக்கும்.

போன மாதம் அப்பாவின் பழைய சட்டைக் கையில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு கை தைத்துப் பார்த்தேன். முழங்கை வருகிற இடத்தில் துணி ஏற்கெனவே நைந்து, நூல் தெரிய மெலிந்திருந்தது, பஞ்சைத் திணித்ததும் அங்கே மட்டும் தானாகப் புடைத்துக்கொண்டது. நான் மடிப்பு வைக்கவே இல்லை. மேசையில் ஊன்றி ஊன்றி அப்பாவே அந்த முழங்கையைச் செய்து வைத்திருக்கிறார்.

அதனால் என் பரிந்துரை உடுதுணிச் சிற்பம். உடுதுணி நம் வீட்டுச் சொல், புதிதாகக் கட்டவே வேண்டாம். வினைத்தொகை என்பதால் உடுத்த, உடுக்கிற, உடுக்கும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும், துணிக்குள் ஓர் உடம்பு இருந்தது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. சாக்கு முதுகுகள் இதில் சேராது, அவற்றுக்குப் பொதுவாகத் துணிச் சிற்பம் போதும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பூர்ஷ்வா துவாலை, படுக்கை விரிப்பு எல்லாம்கூடப் பயன்படுத்தினார். உடுத்தியவை இல்லை, ஆனால் உடம்பில் பட்டுப் பழகியவை. இவற்றையும் உடுதுணியில் சேர்க்கலாமா, இல்லை வேறு சொல் வேண்டுமா? தையல் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.