சைட்டில் முதல் வருடம்: நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?

மட்டப்பலகை, சென்னை:

சிவில் முடித்த தம்பி தங்கைகள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, கட்டுமான மேலாண்மைக்குள் எப்படி நுழைவது?" எந்தப் படிப்பு, எந்தச் சான்றிதழ், எந்த மென்பொருள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் வருடம் சைட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2013-ல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடி வேலையில் சேர்ந்தேன். சம்பளம் 9,000 ரூபாய். மூன்றாவது மாதம், நான்காவது மாடிக்குத் தளம் போடும் நாள். மதியம் 3 மணிக்கு முதல் கான்கிரீட் வண்டி கேட்டுக்கு வந்துவிட்டது. பம்ப் தயார், ஆட்கள் தயார், வைப்ரேட்டர் ஓடுகிறது. கம்பி கட்டும் குழுவில் வயதான ஒருவர் இருந்தார். அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு பால்கனிப் பக்கம் கூட்டிப்போனார். "சார், இதுல கம்பி மேல இருக்கணும். காலையிலேர்ந்து எல்லாரும் மிதிச்சு மிதிச்சு கீழ போயிடுச்சு."

குனிந்து டேப் வைத்துப் பார்த்தேன். 150 மி.மீ. தடிமன் கொண்ட பால்கனி. மேற்பரப்பிலிருந்து 20 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டிய கம்பி 60 மி.மீ. வரை இறங்கியிருந்தது. பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீளும் தளம். பாரம் ஏறும்போது அது மேல் பக்கம்தான் கிழியப் பார்க்கும், அதனால் தாங்கும் கம்பி மேலே இருந்தாக வேண்டும். கல்லூரியில் இதே கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று காலையிலிருந்து அந்த இடத்தைப் பத்து முறை கடந்து போயிருக்கிறேன். என் கண்ணில் படவில்லை.

நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரிக்குக் கோபம். "சார், வண்டி நிக்குது, கான்கிரீட் செட் ஆயிடும்." அப்போதுதான் வண்டியின் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பிளாண்டில் ஏற்றிய நேரம் 2:10. பிளாண்டில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926-ன்படி ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். அப்படியானால் 4:10 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பெரியவரும் இன்னும் மூன்று பேரும் சேர் (மேற்கம்பியை அடியிலிருந்து தாங்கும், நாற்காலி போன்ற கம்பி) வளைத்து, மேற்கம்பியைத் தூக்கி நிறுத்தினார்கள். 3:45-க்கு பம்ப் ஓடியது.

சாயங்காலம் புராஜெக்ட் மேனேஜர் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நிறுத்தினது சரி. நேத்து சாயங்காலமே ஏன் பார்க்கலை? சேர் எத்தனை இருக்குன்னு நேத்து எண்ணியிருந்தா இன்னைக்கு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லையே" என்றார். கட்டுமான மேலாண்மை என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது அந்தக் கேள்வியில்தான். நாளைய வேலையை இன்றே போய்ப் பார்ப்பது. அன்றிலிருந்து ஐந்து மணிக்கு மேல் மறுநாள் வேலை நடக்கும் இடத்தை டிராயிங்கோடு ஒரு சுற்றுச் சுற்றாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுவருடம் ஜூன் 28-ம் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் சைட்டில் ஒரு சித்தாள் அம்மா, தலையில் சட்டியோடு நின்று என்னைக் கேட்டார்: "தம்பி, இது தாங்குமா?" கான்கிரீட்டில் கட்டிகள் செய்து அழுத்தி உடைத்துப் பார்ப்பதுதான் கியூப் சோதனை. நான் அதன் பதிவேட்டை எடுத்து வந்து, 28 நாள் வலிமை ஒவ்வொரு மாடிக்கும் எவ்வளவு வந்திருக்கிறது என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். எண்கள் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் எழுதி வைத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

கோவை சிவில்:

அண்ணா, பால்கனிக் கதையைப் படித்ததும் என் முதல் வருடத்துக்கே போய்விட்டேன். நான் கற்றது கம்பியில் இல்லை, சனிக்கிழமைச் சம்பளத்தில்.

2017-ல் அவினாசி சாலையில் ஒரு வணிகக் கட்டடம். அடித்தளக் கான்கிரீட் இரவு பத்து மணி வரை போனது. நின்றவர்களுக்கு ஒன்றரை ஆள் கூலி என்று பேச்சு. மஸ்டர், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு, எழுதுவது என் பொறுப்பு. அந்த வாரம் வேலை நெருக்கடியில் மூன்று நாள் வருகையை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். சனிக்கிழமை கூலி கொடுத்து முடிக்கும்போது ஒரு சித்தாள் அக்கா நகராமல் நின்றார். "அம்மிணி, எனக்கு அரை ஆள் விட்டுப்போச்சுங்க." மஸ்டரில் ஒன்று என்றுதான் இருந்தது. நான் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

அவர் பையிலிருந்து மகளின் பள்ளி நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு. ஆறு மாதக் கணக்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வைத்திருந்த கணக்கு, சம்பளம் வாங்கும் என் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு அரை ஆள் கூலியைச் சேர்த்துக் கொடுத்தேன். பிறகு அந்த வார மஸ்டர் முழுவதையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்தால், இன்னும் இரண்டு பேருக்கு விட்டுப்போயிருந்தது. அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காதோ என்ற பயம்.

அதன்பிறகு காலை டீக்கு முன் ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை, ஆள் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். இது வெறும் கூலிக் கணக்கும் இல்லை. சட்டப்படி, 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர் கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் நல வாரியத்தில் பதியலாம். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் அதற்காகத்தான் செஸ் என்ற வரியாக வசூலாகிறது. அந்த 90 நாளுக்குச் சாட்சி நாம் எழுதும் மஸ்டர்தான்.

சைட்டுக்கு வர நினைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நான் சேர்ந்தபோது பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சித்தாள் அக்காக்கள் பின்பக்கக் காலி மனைக்குப் போவார்கள், நான் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருப்பேன். வாயால் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு தினசரி அறிக்கையில் "பெண்களுக்குக் கழிப்பறை இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். தொடர்ந்து ஒன்பது நாள் எழுதினேன். பத்தாவது நாள் தகரம் அடித்து, கதவு வைத்து, தண்ணீர்த் தொட்டியோடு வந்துவிட்டது. எழுத்தில் போன விஷயத்தைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நெல்லை டு தோஹா:

நான் டிப்ளமோ. ஊரில் மூன்று வருடம் சூப்பர்வைசர், 2019-லிருந்து கத்தார். இங்கே சைட்டிலிருந்து பிளானிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அட்டவணை போடும் பிரைமவேரா மென்பொருளைப் புதிதாகக் கற்றவன், பெரிய உற்சாகம். ஒரு மாடிக்கு ஏழு நாள் என்று அட்டவணை போட்டு, வண்ண வண்ணக் கோடுகளோடு அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.

கான்கிரீட் ஊற்ற அச்சாக அடைக்கும் பலகை வேலைக்கு ஃபோர்மேன் சிவகங்கைக்காரர், இருபது வருடமாக வளைகுடாவில் இருப்பவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கணக்கு அழகா இருக்கு. ஆனா எங்கிட்ட பலகை ஒரு செட்டுதான் இருக்கு. கீழ தாங்கி நிக்கிற முட்டுகளையும் பலகையையும் எடுக்காம மேல எதை வச்சு அடைக்கிறது?" இரண்டு செட் இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு போட்ட அட்டவணை அது. அவரோடு உட்கார்ந்து, எந்த நாள் எந்தப் பலகை எங்கே இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்தோம். ஒரு மாடிக்கு 12 நாள் வந்தது. அந்தத் தாளைத்தான் மேனேஜரிடம் கொண்டுபோனேன். இரண்டாவது செட் வாங்கினால் எத்தனை நாள் மிச்சம், அதன் செலவு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். மூன்று வாரத்தில் இரண்டாவது செட் வந்தது.

இங்கே வெயிலும் அட்டவணையில் ஒரு பங்காளி. 2021-லிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3:30 வரை வெளியே வேலை வாங்கக் கூடாது. கோடையில் கான்கிரீட் இரவில்தான். இரவு வேலைக்கு விளக்கு, பஸ், சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். மட்டப்பலகை அண்ணன் சொன்ன அந்த 'நேற்று சாயங்காலம்' பிளானிங்கில் மூன்று வாரமாக நீளும், அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரத்து வேலைக்கு டிராயிங் இருக்கிறதா, பொருள் வந்துவிட்டதா, ஆள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை ஃபோர்மேன்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அவர்கள் இல்லாமல் போட்ட அட்டவணை எதுவும் எனக்குப் பலித்ததில்லை.

இறுதியாண்டு மாணவன்:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வீட்டில் மேற்படிப்பு படி என்கிறார்கள். ஒரு சின்னக் கான்ட்ராக்டரிடம் வேலையும் கிடைத்திருக்கிறது. எதற்குப் போவது?

மட்டப்பலகை, சென்னை:

தம்பி, மேற்படிப்பு வீண் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கட்டுமான மேலாண்மை படிக்கலாம். புனேயில் உள்ள நிக்மார் என்ற கல்வி நிறுவனம் இந்தத் துறைக்கென்றே தொடங்கியது. ஆனால் இரண்டு வருடம் சைட்டில் நின்றுவிட்டுப் போனால், அங்கே சொல்லித்தரும் ஒவ்வொன்றுக்கும் உன் மனதில் ஒரு இடமும் ஒரு முகமும் இருக்கும். பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்குப் பட்டதாரியே மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், அதற்கு இப்போது அவசரம் இல்லை.

சின்னக் கான்ட்ராக்டர் என்று தயங்காதே. பெரிய கம்பெனியில் முறைகளைக் கற்கலாம், ஆனால் ஒரு வருடம் முழுக்கக் கம்பி மட்டுமே பார்க்க நேரலாம். சின்ன இடத்தில் அடித்தளத்துக்கு வானம் தோண்டுவதிலிருந்து பெயின்ட் வரை கண்ணால் பார்ப்பாய். சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று மட்டும் அங்கே ஏற்கெனவே வேலை செய்பவரிடம் விசாரித்துக்கொள். சேர்ந்ததும் மேஸ்திரியிடம் தினமும் ஒரு கேள்வி: "அண்ணே, நாளைக்கு என்ன வேலை?"

இறுதியாண்டு மாணவன்:

படிப்பு முடிந்து, திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னபடியே கேட்டேன். நாளைக் காலை படிக்கட்டுக்குக் கம்பி வெட்டுகிறார்களாம். இரண்டு டிராயிங்கையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆர்க்கிடெக்ட் டிராயிங்கில் 165 மி.மீ. உயரத்தில் 20 படி. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் 150 மி.மீ. உயரத்தில் 22 படி. இரண்டையும் பெருக்கினால் 3,300 வருகிறது, மாடி உயரமும் அதுதான். மேஸ்திரி, "எது வேணும்னாலும் போட்டுக்கலாம் சார்" என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

மட்டப்பலகை, சென்னை:

நீயாக எதையும் எடுத்துக்கொள்ளாதே தம்பி. 22 படி என்றால் படிக்கட்டின் நீளமே மாறும், லேண்டிங் நகரும், கம்பி நீளமும் மாறும். இரண்டு டிராயிங்கின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, வித்தியாசத்தை இரண்டே வரியில் எழுதி, இன்று இரவே உன் இன்ஜினியருக்கும் டிசைனருக்கும் அனுப்பு. பதில் எழுத்தில் வரும் வரை கம்பி வெட்ட வேண்டாம் என்று மேஸ்திரிக்கு இப்போதே போன் போட்டுச் சொல். நாளைக் காலை அந்தக் குழு சும்மா நிற்கக் கூடாது, அவர்களுக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்றும் அவரிடமே கேள்.