பழைய பட்டுப் புடவையைப் படமெடுத்து விற்றபோது

சேலத்திலிருந்து:
அம்மாவின் மயில் கழுத்துப் புடவையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பாவு, அதாவது நீளவாட்டு இழை, நீலம்; ஊடை, அதாவது குறுக்கு இழை, பச்சை. உடுத்தியவர் திரும்பினால் நிறமும் மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கூடத்து விளக்கொளியில் கைப்பேசியால் எடுத்த மூன்று படங்களிலும் அது வெறும் நீலமாகவே பதிந்தது. நானும் அப்படியே விற்பனைக்குப் போட்டுவிட்டேன். வாங்கிய பெண் பொதியைப் பிரித்ததும் காணொளி அழைப்பில் வந்து, சன்னலோரம் புடவையைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, நான் கேட்டது நீலம், இதில் பச்சை ஓடுகிறதே" என்றார். அவர் கையில் அது அசைந்தபோது, கோயில் பிரகாரத்தில் அம்மாவுக்குப் பின்னால் நடந்து நான் பார்த்த அதே பச்சை தெரிந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பச்சையை ஒரு படத்தில்கூட நான் காட்டவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தாம்பரத்திலிருந்து:
இருபது ஆண்டுகள் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த அரக்குப் பட்டு அது. முந்தானையைப் படமெடுப்பதற்காக மாடிக் கொடியில் விரித்தபோது, பின்னாலிருந்து விழுந்த மாலை வெயிலில், மடிப்பு நெடுக ஊசிமுனை அளவில் ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பட்டு இற்றுவிட்டது என்று அந்த நொடியே புரிந்தது. அந்தப் படத்தை அழித்தேன். வெயில் முன்பக்கம் விழும்படி புடவையைத் திருப்பிப் போட்டு எடுத்த படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ளது என்று எழுதி விற்றேன். வாங்கியவர் தம் மகளின் வளைகாப்பில் அதைக் கட்டியிருக்கிறார். மணைக்கருகே குனிந்தபோது மடிப்போடு கிழிந்துவிட்டதாம். "பழைய பட்டுதானே, பரவாயில்லை" என்று மட்டும் எழுதினார். பணத்தை அனுப்பினேன், அவர் வாங்க மறுத்துவிட்டார்.

கோவையிலிருந்து:
தாம்பரத்துச் சகோதரி, அழித்த படத்தைத்தான் நீங்கள் முதலாவதாகப் போட்டிருக்க வேண்டும். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிளாஷ் போட்டு எடுத்ததால் கறுத்த சரிகை புதிது போலப் பளபளத்து, அதை நம்பி வாங்கிய ஒரு முதியவரிடம் நானும் தலைகுனிந்திருக்கிறேன். சேலத்துச் சகோதரி மறுபடி எடுப்பதானால், அறை விளக்குகளை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத சன்னலருகே காலையில் எடுக்க வேண்டும். விளக்கொளியும் பகலொளியும் கலந்தால் கைப்பேசியால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய இயலாது. வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அது வெள்ளையாகத் தெரிகிறதா என்பதைக் கொண்டே புடவையின் நிறத்தைச் சரிபார்க்கலாம். இரட்டை வண்ணப் புடவைக்கு நிழற்படம் போதாது, துணியை மெல்ல அசைத்துச் சிறு காணொளியும் எடுக்க வேண்டும். கரையும் உடலும் சேரும் கோர்வையைப் பின்பக்கத்திலிருந்து கிட்டத்தில் எடுங்கள். தேர்ந்த கண்கள் முதலில் தேடுவது அதைத்தான். வீட்டில் எடுக்கும் படத்தோடு இருப்பிடமும் பதிவாகாதபடி கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:
இவ்வளவு முறைகளையும் படித்த பின்பு என் நினைவு வேறொரு பக்கம் போகிறது. பழைய பட்டு எடுப்பவர் ஒருவர் எங்கள் வாசலுக்கு வருவார். துணியை எரித்து, சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரிப்பதற்காக எடை போட்டு வாங்கிக்கொள்வார். சென்ற ஆடியில், பாட்டியின் ஒன்பது கஜத்தின் கரையை அவர் நகத்தால் சுரண்டியபோது, சரிகைக்குள்ளிருந்து சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. "அசல் சரிகை அம்மா, நல்ல விலை தருகிறேன்" என்றார். நான் புடவையைத் திரும்ப வாங்கி, சுரண்டிய அந்த இடத்தையே பெரிதாகப் படமெடுத்துப் போட்டேன். இரண்டு நாளில், மடிசார் கட்டுவதற்கென்றே ஒருவர் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பே பாட்டியின் இரண்டு புடவைகளை எடைக்குப் போட்டிருந்தேன். அவற்றின் கரை என்ன நிறம் என்று தங்கை கேட்கிறாள். என்னிடம் ஒரு படமும் இல்லை.