கிளப் கிட்டாரும் வைகாசிக் கச்சேரியும்

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் கிளப் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடையாது. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரை தேடினாலும், இரவில் மேடை போட்டுப் பாடுகிற இடம் கோயில் திடலாக இருக்கும், இல்லையென்றால் சர்ச் வாசல், அதுவும் இல்லையென்றால் கல்யாணப் பந்தல். அதனால் எங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்று சென்னையில் குடியேறிய பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம். என் அக்காள் மகனுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அவனுக்கு அது எப்படிப் போயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் அவனுடைய கிளப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு காலத்தில் நான் உச்சிப்புளிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவன். தென்னை மரத்தில் கூம்புக் குழாயைக் கட்டி நாலு ஊருக்குப் பாட்டுப் போட்ட காலம் அது. இப்போது கூம்புக் குழாய் கட்டினால் போலீஸ் அவிழ்த்துக்கொண்டு போய்விடும். தொழிலை விட்டாலும் காது விடவில்லை. எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது ஸ்பீக்கர் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதுதான்.

மருமகன் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டல் கிளப்பில் வார இறுதி நாட்களில் கிட்டார் வாசிக்கிறான். மார்கழியில் சபாக் கச்சேரி கேட்கப் போயிருந்த என்னை ஒரு சனிக்கிழமை இரவு அங்கே அழைத்துப்போனான். வாசலில் நின்ற பையன் என் நரைத்த மீசையைப் பார்த்த பிறகும் ஆதார் அட்டையைக் கேட்டான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாதாம், ஆகவே எல்லோரிடமும் கேட்பார்களாம். கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். கவர் சார்ஜ் என்று வாங்கிக்கொண்ட பணத்தை உள்ளே தின்றோ குடித்தோ கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். எலுமிச்சைச் சாறு குடித்தே அதைக் கழிக்கப் பார்த்தேன். வயிறுதான் நிறைந்தது, கணக்கு தீரவில்லை.

உள்ளே போனதும் ஒலி மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். எந்த அரங்கிலும் ஒலி சரியாகக் கேட்கிற இடம் அதுதான், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கிறவன் தன் காதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறான். இதில் நான் ஓரவஞ்சனை செய்யப்போவதில்லை. ஒலி அற்புதமாக இருந்தது. தாழ்ந்த கூரை, சுவர் முழுவதும் ஒலியை உறிஞ்சும் பஞ்சு அட்டை, டிரம்மின் அடி நேராக நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது. அதற்கு மேலே பாடகியின் குரல் ஒரு சொல்கூடத் தேயாமல் கேட்டது. வாசிப்பவர்கள் எல்லோர் காதிலும் சின்னக் குமிழ். அதில் தாளத்துக்கு டிக், டிக் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்குமாம். மேடையில் வயலின்காரர் இல்லை, கோரஸ் பாட ஆளும் இல்லை. அவையெல்லாம் லேப்டாப்பிலிருந்து வருகின்றன. லேப்டாப்போடு சேர்ந்து போவதற்குத்தான் காதில் அந்த டிக் சத்தம். பாடகி மூச்சு வாங்க ஒரு நொடி கூடுதலாக எடுத்தால் லேப்டாப் அவளுக்காகக் காத்திருக்காது.

எனக்கு உறுத்தியது வேறு. மேடையை யாரும் பார்க்கவில்லை. ஒரு மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். இன்னொன்றில் ஒருவர் தோழியின் காதருகே குனிந்து, பாட்டைவிடச் சத்தமாக அலுவலகத்து வம்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் எங்கோ இரண்டு பேர் கை தட்டினார்கள். பாட்டு முடிந்ததற்கா, கேக்குக்கா என்று சொல்ல முடியவில்லை. நன்றாக வாசித்த பிள்ளைகள்தான் எல்லோரும். பிறகு டிஜே வந்தார், கூட்டம் ஆடத் தொடங்கியது. இவர்கள் வயரைச் சுருட்டினார்கள்.

வெளியே வந்ததும், “யாரும் கேட்கவில்லையே, மாப்பிள்ளை?” என்றேன்.

“அவர்கள் பாட்டுக் கேட்க வரவில்லை மாமா, சேர்ந்து இருக்க வருகிறார்கள். நன்றாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, சொதப்பினாலும் தெரியாது. அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது.”

அந்த நிம்மதிதான் வைகாசியில் போயிற்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு குறைவு, ஆனால் ஆள் பலம் உண்டு. ஆகவே தலைக்கட்டு வரி வைத்து அம்மன் கோயில் பொங்கலை வைகாசியில் எடுத்துவிடுகிற ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், வடகடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரும் அப்படி. கரகம், முளைப்பாரி எல்லாம் முடிந்து கடைசி இரவு இன்னிசைக் கச்சேரி. பரமக்குடிப் பக்கத்திலிருந்து குழு வந்திறங்கியது. அவர்களுடைய கிட்டார்க்காரர் மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டார். விடுப்பில் வந்திருந்த மருமகனை விழாக் கமிட்டியார் பிடித்துக்கொண்டார்கள். “கோயில் கச்சேரிதானே மாமா, சமாளித்துவிடலாம்” என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

முதல் அடி காற்றிடமிருந்து வந்தது. அந்த மாதத்தில் தெற்கும் மேற்குமாகக் காற்று நிற்காது. மைக் செட்காரர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரின் மகன், விஷயம் தெரிந்தவர். மேடையைத் தெற்கு ஓரத்தில் போட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளை வடக்கே கடலைப் பார்க்க நிறுத்தியிருந்தார், கூட்டம் நடுவில். காற்று வீசுகிற திசையிலேயே போகும் ஒலி தரையோடு படிந்து போகும். எதிர்காற்றில் போனால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், பத்து வரிசைக்கு அப்பால் வாயசைப்புதான் தெரியும். இரவில் கடலை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்துவிட்டால் ஒலி தண்ணீரின் மீதே ஊர்ந்து வெகுதூரம் போகும். இது மருமகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, மைக்கில் காற்று புகுந்து புஸ் புஸ் என்று இரைந்ததும், கிட்டார்க் கம்பிகள் உப்பு ஈரத்தில் விரலோடு ஒட்டியதும்தான். குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அவர் கம்பியைத் துடைப்பதைப் பார்த்து இவனும் துடைத்தான்.

காதில் டிக் சத்தம் இல்லை, லேப்டாப்பும் இல்லை. டோலக்காரர் கண்ணைப் பார்த்துத்தான் தாளம். பாடகர் முகத்தைத் திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டி, மூன்றாவதை மடக்கிக் காட்டினார். ரெண்டரைக் கட்டை சுருதி. இவன் விழித்தான். கீபோர்டுகாரர் “டி ஷார்ப், தம்பி” என்று குனிந்து சொன்னார். அதற்குள் பாட்டு எடுத்தாயிற்று.

வழக்கம்போல் முதலில் பிள்ளையார், பிறகு அல்லாஹ், பிறகு மாதா. எங்கள் பக்கத்தில் மூன்றையும் பாடாத குழுவுக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வராது. இதே குழுதான் ஆடியில் ஒரு ஊர், அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு ஊர், கீழக்கரைப் பக்கத்துக் கல்யாணத்துக்கு ஒரு வீடு என்று அலைகிறது. பாடகரிடம் அட்டை போட்ட மூன்று நோட்டுகள் இருந்தன. எந்த ஊருக்குப் போனாலும் மூன்றும் பையில் இருக்கும் என்றார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் நன்கொடைப் பெயர் வாசிப்பது நியாயம். பாட்டின் நடுவில், இசை ஓடும்போதே “ஐந்நூற்று ஒரு ரூபாய் வழங்கிய” என்று ஆரம்பிப்பது அநியாயம். இந்த ஒரு விஷயத்தில் கிளப்காரர்கள் நாகரிகமானவர்கள். காசு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

எட்டரை மணிக்கு மேல் எண்பதுகளின் பாட்டு ஒன்று வந்தது. முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் கிட்டாருக்குத் தனி ஓட்டம் உண்டு. அங்கே இவன் கிளப் கைவரிசையைக் காட்டினான். கம்பியை இழுத்து வளைத்து, மேலே மேலே ஏறி, உச்சியில் போய் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு சிறுவன் மேடைக்கு ஓடிவந்து துண்டுச்சீட்டு ஒன்றைப் பாடகரிடம் கொடுத்தான். சீட்டோடு ஒரு பத்து ரூபாய்த் தாள் குண்டூசியில் குத்தியிருந்தது. பாடகர் படித்தார், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்படியே மருமகனிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு இன்றும் அவன் கிட்டார்ப் பெட்டியில் இருக்கிறது. பென்சில் எழுத்து: “கிட்டார் இடையிசை தவறு. இறங்கி வர வேண்டும். திரும்ப வாசிக்கவும்.”

எழுதியவர் யார் என்று தேட வேண்டியதில்லை. முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தார். வலை பின்னுகிறவர், எழுபதைத் தாண்டியவர். அவருக்குக் கிட்டார் பிடிக்கத் தெரியாது, ஸ்வரம் தெரியாது. ஆனால் இந்தக் கரையில் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். கடல் நீரின் மேல் மத்திய அலை தரையைவிடக் குறைவாகத்தான் தேயும். ஆகவே எங்களுக்குத் திருச்சியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டது. வலை பின்னுகிற கொட்டகையில் காலை முதல் இரவு வரை ரேடியோ பாடும். கை வேலையில் இருக்கும், காது பாட்டில் இருக்கும். ஒரே பாட்டை நூறு தடவை அப்படிக் கேட்டவருக்கு வரிகள் மட்டுமா மனப்பாடமாகும்? புல்லாங்குழல் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதுவரை தெரியும். பாடகர் ஒரு சொல்லை மாற்றினால்கூட மன்னிப்பார்கள், இடையிசையை மாற்றினால் மன்னிக்க மாட்டார்கள்.

மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அது என்னுடைய கற்பனை மாமா, அப்படி வாசிக்கலாம்” என்று மேடை ஓரத்துக்கு வந்து என்னிடம் வாதம் செய்தான். “வாசிக்கலாம் மாப்பிள்ளை, கிளப்பில்” என்றேன். புல்லாங்குழல்காரர் அவனைக் கூப்பிட்டு அந்த ஓட்டத்தை வாயால் பாடிக் காட்டினார். மேலே ஏறுவது போல் ஆரம்பித்து, பாதியில் தயங்கி, படிப்படியாக இறங்கி, பாடகியின் முதல் எழுத்தில் போய் உட்கார்கிறது. இவன் ஏறிப்போய் உச்சியில் நின்றதால் பாடகி எங்கேயோ தொற்றிக்கொண்டு தொடங்க வேண்டியிருந்தது. அது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பாடகியிடம் போய் ஏதோ சொன்னான். அவள் பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தாள்.

பாடகர் மைக்கில் “நேயர் விருப்பம், அதே பாட்டு” என்று மட்டும் சொன்னார். முழுப் பாட்டையும் மறுபடி வாசித்தார்கள். இடையிசை வந்தபோது டோலக்காரர் கையைச் சற்றுத் தளர்த்தி வழிவிட்டார். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுரத்தையும் வளைக்காமல், அப்படியே இறங்கி வந்தான். கடைசிச் சுரம் அடங்குவதற்குள் பாடகி எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கைதட்டலை இதுவரை எந்தப் பெரிய மேடையிலும் நான் கேட்டதில்லை. நாற்காலிப் பெரியவர் கை தட்டவில்லை. சரிதான் என்பதுபோல் ஒரு தடவை தலையை ஆட்டினார், வெற்றிலையை எடுத்து மடித்தார்.

பத்து மணிக்குக் காவலர் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று பன்னிரண்டு மணி வரை அனுமதி கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது, ஆனால் அது எங்களுக்கு வாய்க்கவில்லை. கமிட்டியார் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு பாட்டு வாங்கினார்கள். விடிய விடியக் கச்சேரி நடந்த காலத்தைப் பற்றிக் கிழவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதைக் கேட்டால் பொழுது விடிந்துவிடும் என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் மீன் வாங்க மருமகனையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். தடை விசைப்படகுக்குத்தான், வல்லம் என்கிற நாட்டுப்படகுகள் போய்வரலாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இரவு முழுவதும் கடலில் கிடந்துவிட்டு அப்போதுதான் கரையேறி, வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, நேற்றுப் பாடிய பாட்டையெல்லாம் வரிசையாகச் சொன்னார். பேச்சு புரியவில்லையாம், பாட்டு மட்டும் பக்கத்தில் பாடுவதுபோல் கேட்டதாம்.

“ஒரு பாட்டை ரெண்டு தடவை வாசித்தார்களே, ரெண்டாவது தடவை கிட்டார் வாசித்தது யார்? நல்ல கை. முதலில் வாசித்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகன் முந்திக்கொண்டான். “முதலில் வாசித்தவர் குழுவின் பழைய ஆள் அண்ணே. காய்ச்சல். பாதியில் இறங்கிவிட்டார். அப்புறம் வாசித்தது நான்.”

“அடப் பாவமே” என்றவர், நிறுவைக்கு மேல் நாலு கணவாயை அள்ளி எங்கள் பையில் போட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.