மழை பேஞ்சா மட்டும் தவளை கத்துறது ஏன்?

பீலிக்கரை: லயத்துக்குப் பின்னாடி தண்ணி ஓடுற கானுல வெயில் மாசத்துல ஒரு சத்தமும் இல்ல, மழை விழுந்த ராத்திரி தூங்கவே விடுதில்ல. ஏஎல் பயோ படிக்கிற தங்கச்சி ஹோர்மோன்தான்னு சொல்றா, மழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கொழுந்துக்கூடை: தங்கச்சி சொல்றது சரிதான். மூளைல ஹைப்போதலமஸ்ங்கிற பகுதி ஜிஎன்ஆர்எச்ங்கிற ஹோர்மோன விடும், அது பிட்யூட்டரி சுரப்பிய தூண்டி எல்எச், எஃப்எஸ்எச்னு ரெண்டு ஹோர்மோன் வரும், பொறகுதான் ஆணுக்கு டெஸ்டொஸ்டிரோன், பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜன்ங்கிற பாலியல் ஹோர்மோன் கூடும், அதுலதான் ஆண் சோடி தேடி கத்தும். குளிர் நாட்டுல சூடும் பகல் நீளமும் நேரம் குறிக்கும், இங்க பகல் பெருசா மாறாதே, அதால மழையும் ஈரமும்தான் கணக்கு. அந்த சோடி சேர்ற சீசன்ல பல இனங்கள்ல ஆணோட பெருவிரல்ல சொரசொரன்னு ஒரு திட்டு வரும், பெண்ண வழுக்காம புடிக்க, சீசன் முடிஞ்சா சுருங்கிரும்.

மூடுபனி: ஹோர்மோன் ஏறினா மழையே இல்லாமலும் முட்டை போடும் அண்ணே. 1930கள்ல கர்ப்பமான்னு பாக்க பொம்பளைங்க சிறுநீர ஆப்பிரிக்க நகத்தவளைக்கு ஊசில ஏத்துவாங்க, ஒரு நாளைக்குள்ள முட்டை போட்டா பிள்ளை உண்டு. கர்ப்பிணி சிறுநீர்ல இருக்கிற எச்சிஜிங்கிற ஹோர்மோன், எல்எச் மாதிரியே வேலை செய்யும், தவளைக்கு வித்தியாசம் தெரியாது பாவம்.

பீலிக்கரை: அடேங்கப்பா! ஆனா கானுல தலப்பிரட்டையே காணோமே?

கொழுந்துக்கூடை: நம்ம மலைல புதர்த்தவளை நிறைய, அதுக முட்டைய ஈரமண்ணுலயோ இலைலயோ வைக்கும், நேரா குட்டித் தவளையாவே வெளிய வரும்.