குத்துச்சண்டையில் ஹெவிவெயிட்டுக்கு மேல் இன்னொரு பிரிவு வேண்டாமா?

கல்லடித் தம்பி:
நான் 118 கிலோ. வீட்டுக்குப் பின்னால் தென்னையில் மண் மூட்டை கட்டித்தான் குத்திப் பழகுகிறேன். போன கிழமை 93 கிலோ கூட்டாளியோடு மோதினேன். இரண்டாம் சுற்றிலேயே அவனுக்கு விலா நொந்து, மூன்று நாள் சைக்கிள் மிதிக்கவில்லை. தொழில்முறையில் 200 இறாத்தலுக்கு (சுமார் 91 கிலோ) மேல் பெரும்பாலும் எல்லாரும் ஒரே ஹெவிவெயிட். 120 கிலோ ஆட்களுக்குத் தனிப் பிரிவு வேண்டாமா?

அக்கரைப்பற்று அண்ணன்:
தம்பி, 2024 டிசம்பரில் நடந்த ஹெவிவெயிட் சண்டையில் பியூரி 281 இறாத்தல், உசிக் 226. வென்றது உசிக். 2009இல் ஏழடி வாலுயெவையும் டேவிட் ஹே புள்ளிகளில் வென்றார். எடை வித்தியாசம் கிட்டத்தட்ட 100 இறாத்தல்! பாரம் கூடினால் மூச்சும் சீக்கிரம் வாங்கும். உங்கள் கூட்டாளி காலை அசைக்காமல் நின்றிருப்பார்.

களுவாஞ்சிகுடியான்:
கஷ்டம் சின்ன ஹெவிவெயிட்டுக்குத்தான். அதனால்தான் உலகக் குத்துச்சண்டைப் பேரவை (டபிள்யூபிசி) 2020இல் 200 முதல் 224 இறாத்தல் வரை பிரிட்ஜர்வெயிட் என்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே ஒரு பிரிவு கொண்டுவந்தது. மேலே இன்னொன்று வைத்தால் ஆளுக்கு எங்கே போவது? பட்டம்தான் மலியும்.

கல்லடித் தம்பி:
சரி அண்ணே, நின்றுதான் வாங்கினான். ஆனால் எனக்கும் மூன்றாம் சுற்றில் கை தூக்க முடியவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.